நாடாவும் நாலு துளி இரத்தமும்: நம் உடலுக்கு ஓர் அளவுகோல் வந்த வரலாறு

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டார்கள். வழக்கம்போல் கல்வெட்டு, சமணப் பள்ளி, பழைய வணிகர் குழு என்று ஏதாவது எழுதித் தருவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். இம்முறை நம் ஒவ்வொருவர் உடம்பையும் தொடுகிற ஒரு வரலாற்றை எழுத விரும்பினேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் மருத்துவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, 1978 இல் 18 வயதில் அண்ணனோடு மட்டாஞ்சேரிக்கு வந்தவன். மிளகு, சுக்கு, ஏலக்காய் வியாபாரம். பள்ளியில் படித்தது பத்தாம் வகுப்பு வரை. மீதியெல்லாம் நூலகத்திலும் பழைய புத்தகக் கடையிலும் படித்தது. ஆகவே அன்பர்கள் இதை வரலாறாகப் படியுங்கள். மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணனின் எடை

அண்ணன் என்னைவிட 8 வயது மூத்தவர். ஒல்லியான ஆள். ஊருக்குப் போனால், "ஏண்டா, கொச்சியில சோறே போட மாட்டாங்களா?" என்று அம்மா கேட்பார்கள். கையும் காலும் குச்சி மாதிரி. வேட்டிக்கு மேலே மட்டும் சின்னதாக ஒரு தொந்தி. "வியாபாரிக்குத் தொந்தி லட்சணம்" என்று நாங்களே கேலி செய்திருக்கிறோம்.

1997 இல் அடிக்கடி களைப்பாக இருக்கிறது என்று ஒரு மருத்துவரிடம் போனார். உயரம் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள், சுவரில் மாட்டியிருந்த அட்டவணையையும் பார்த்தார்கள். "வெயிட் கரெக்டா இருக்கு, பயப்பட ஒண்ணுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். மறு ஆண்டு கிடங்கில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வயது 46.

அந்த மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்த அளவுகோல் அவ்வளவுதான். ஆனால் அந்த அளவுகோலை யார் செய்தார்கள், அது ஏன் அண்ணனைக் காட்டிக்கொடுக்கவில்லை, நமக்குப் பொருந்தும் அளவுகோல் எப்போது வந்தது என்ற கேள்விகள் என்னை விடவில்லை. பல ஆண்டுகளாகத் தேடிப் படித்ததன் சுருக்கமே இக்கட்டுரை.

எடைக்கல்லின் காலம்

மிளகு வியாபாரிக்கு ஒன்று தெரியும். மூட்டையின் எடை மட்டும் சரக்கின் தரத்தைச் சொல்லாது. ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் மிளகை நிரப்பி, தலைதட்டி, அதை எடை போடுவோம். கடைத்தெருவில் இதற்கு 'லிட்டர் வெயிட்' என்று பெயர். 550 கிராம் நின்றால் மணி திடமானது. குறைந்தால் உள்ளே பொக்கு இருக்கிறது என்று பொருள். இரண்டு மூட்டையும் அதே 50 கிலோவாக இருக்கலாம். உள்ளே இருப்பது வேறு. ஒரு சின்ன அளவு உள்ளே இருப்பதைக் காட்டிவிடும் என்பதற்கு மட்டாஞ்சேரிக்காரனுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

மனித உடம்பை அளந்தவர்கள் வெகுகாலம் மூட்டையின் எடையோடு நின்றுவிட்டார்கள். பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் அடோல்ப் கெட்லே 1832 இல், மனிதரின் எடை உயரத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப அமைகிறது என்று கண்டார். அவர் தேடியது 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்பதை. நோயைக் கண்டுபிடிக்க அவர் இதைச் செய்யவில்லை. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்தக் கணக்குக்கு 1972 இல் அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீஸ் புதுப் பெயர் வைத்தார். இன்று எல்லாரும் சொல்லும் பி.எம்.ஐ. அதுதான்.

இடையில் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் வந்தன. எவன் சீக்கிரம் செத்துப்போவான் என்று தெரிந்தால்தானே பிரீமியம் போட முடியும்? அமெரிக்காவின் மெட்ரோபாலிடன் கம்பெனி 1940களில் வெளியிட்ட உயர எடை அட்டவணைகள் உலகமெங்கும் மருத்துவமனைச் சுவர்களில் ஏறின. அட்டவணைக்குள் இருந்தவர்கள் அந்தக் கம்பெனியில் பாலிசி எடுத்த அந்நாட்டு மக்கள். நம் ஊர் ஆள் ஒருவர்கூட அதில் இல்லை.

ஆனால் வியாபாரிகளின் கூர்மையையும் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, மூச்சை இழுத்து விரித்த மார்பைவிட வயிற்றின் சுற்றளவு அதிகமாக இருப்பவருக்கு ஆபத்து கூடுதல் என்று அந்தக் கம்பெனிகளின் கணக்கர்கள் குறித்து வைத்தார்கள். நம் நாட்டிலும் ஆயுள் காப்பீட்டுக்கு மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கு நினைவிருக்கும். தொப்புள் மட்டத்தில் நாடா வைத்து அளந்து படிவத்தில் எழுதுவார்கள். எதற்கென்று நாம் கேட்டதில்லை.

தொந்தியைக் கவனித்தவர்கள்

சிறுநீர் இனிக்கும் நோயை நம் நாட்டு வைத்திய நூலார் நன்கறிந்திருந்தனர். சுசுருத சம்கிதை அதைப் பிறவியில் வருவது, தவறான உணவாலும் ஒழுக்கத்தாலும் வருவது என இரண்டாகப் பிரிக்கிறது. முன்னவர் மெலிந்திருப்பார், பின்னவர் பருத்திருப்பார் என்கிறது. சர்க்கரை நோயை உடல் அமைப்போடு சேர்த்துப் பார்த்த பழைய பதிவுகளில் இது ஒன்று. ஆனால் மேலே மெலிந்து உள்ளே பருத்த என் அண்ணனைப் போன்றவருக்கு அந்தப் பிரிவினையிலும் இடமில்லை.

ஐரோப்பாவில் கருவிகள் ஒவ்வொன்றாக வந்தன. இத்தாலியின் ரிவா ரோச்சி 1896 இல் கையில் கட்டும் இரத்த அழுத்தப் பட்டையைக் கொண்டுவந்தார். ரஷ்யாவின் கொரோட்கோவ் 1905 இல் ஸ்டெதஸ்கோப் வைத்து அழுத்தத்தின் மேல் அளவையும் கீழ் அளவையும் கேட்டறியும் முறையைச் சொன்னார். இரத்தச் சர்க்கரையை அளப்பதும் வழக்கத்துக்கு வந்தது. அளவுகள் கூடியபின், அவை ஒன்றோடொன்று கைகோத்து வருவதைச் சிலர் கவனித்தார்கள்.

சுவீடன் மருத்துவர் எஸ்கில் கிலின் 1923 இல் இரத்தக்கொதிப்பு, சர்க்கரை, யூரிக் அமிலக் கீல்வாதம் மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதை எழுதினார். பிரான்சில் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் 1947 இல், கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே சேர்கிறது என்பதே முக்கியம் என்றார். இடுப்புக்கு மேலே சேர்வது ஒருவகை, தொடையிலும் பின்பக்கத்திலும் சேர்வது இன்னொருவகை. முதல்வகைக்காரருக்கே சர்க்கரையும் இதய நோயும் கூடுதல். சுவீடனின் கோதன்பர்க் நகர ஆய்வுகள் 1984 இல் இதை ஆண்டுக்கணக்கில் மக்களைப் பின்தொடர்ந்து உறுதி செய்தன.

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரால்டு ரீவன் 1988 இல் ஆற்றிய பேருரையில் இதற்கு ஒரு காரணமும் ஒரு பெயரும் கொடுத்தார். காரணம், இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குப் பணியாத நிலை. பெயர், 'சிண்ட்ரோம் எக்ஸ்'. பிற்பாடு அதுவே மெட்டபாலிக் சிண்ட்ரோம் ஆயிற்று. தமிழில் வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதி எனலாம். வியப்பு என்னவென்றால், ரீவன் தம் பட்டியலில் உடல் பருமனைச் சேர்க்கவில்லை. ஒல்லியான ஆளுக்கும் இது வரும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

தொந்திக்குள் இருக்கும் கொழுப்பு ஏன் பொல்லாதது? தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு பெரும்பாலும் சும்மா கிடக்கும். குடலைச் சுற்றி இருக்கும் கொழுப்பு சும்மா கிடக்காது. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேரே ஈரலுக்குப் போகின்றன. ஈரல் அதை டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பாக்கி இரத்தத்தில் விடுகிறது, எச்.டி.எல். என்னும் நல்ல கொழுப்பு குறைகிறது. இன்சுலின் சொல் கேளாமல் ஈரல் சர்க்கரையையும் வெளியே விடுகிறது. வயிற்றைச் சுற்றிய நாடாவும் நாலு துளி இரத்தமும் ஒரே கதையைச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

ஐந்து அளவுகள்

உலக சுகாதார நிறுவனம் 1998-99 இல் ஒரு வரையறை தந்தது. அதில் இன்சுலின் எதிர்ப்பை அளப்பதும், சிறுநீரில் அல்புமின் பார்ப்பதும் இருந்தன. பெரிய ஆஸ்பத்திரியில்தான் முடியும். 2001 இல் அமெரிக்கக் கொழுப்புக் கட்டுப்பாட்டுக் குழு ஒன்று அதை ஐந்து எளிய அளவுகளாகச் சுருக்கியது: இடுப்புச் சுற்றளவு, டிரைகிளிசரைடு, எச்.டி.எல்., இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை. ஐந்தில் மூன்று எல்லை தாண்டினால் நோய்த்தொகுதி உண்டு. டிரைகிளிசரைடு 150 மி.கி. அல்லது மேல், எச்.டி.எல். ஆணுக்கு 40க்குக் கீழ், பெண்ணுக்கு 50க்குக் கீழ். அழுத்தம் 130/85 அல்லது மேல். சர்க்கரை 110 அல்லது மேல். இடுப்பு ஆணுக்கு 102 செ.மீ.க்கு மேல், பெண்ணுக்கு 88 செ.மீ.க்கு மேல்.

சின்ன ஊர் டிஸ்பென்சரியிலும் செய்துவிடலாம். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்த 102 செ.மீ. யாருடைய இடுப்பு?

புலம்பெயர்ந்தவர் உடம்பு சொன்ன சேதி

இங்கேதான் நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் போனவர்கள் வரலாற்றில் நுழைகிறார்கள். சிங்கப்பூரில் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்த தனராஜ் முதலானோர், சீனர், மலாய்க்காரரைவிட இந்தியருக்கு மாரடைப்பு நோய் மிக அதிகம் என்று 1959 இலேயே எழுதினர். அங்கிருந்த இந்தியருள் பெரும்பகுதியினர் தமிழர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இலண்டனின் சவுத்தால் பகுதியில் மெக்கீக் குழுவினர் 1991 இல் வெளியிட்ட ஆய்வு காரணத்தைக் கிட்டே போய்ப் பார்த்தது. அதே எடையுள்ள ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் தெற்காசியருக்கு வயிற்றுக் கொழுப்பும், சர்க்கரையும், டிரைகிளிசரைடும் கூடுதல், எச்.டி.எல். குறைவு.

புனே நகரின் கே.இ.எம். மருத்துவமனை மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் இதைத் தொட்டிலிலேயே கண்டார். 2003 இல் வந்த அவருடைய ஆய்வின்படி புனேப் பகுதிக் குழந்தையின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ; இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைக்கு 3.5 கிலோ. தசை, வயிற்று உறுப்புகள் எல்லாம் நம் குழந்தைக்குச் சிறுத்திருந்தும், தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. 2004 இல் லான்செட் இதழில் அவரும் அவருடைய ஆங்கிலேய நண்பர் ஜான் யட்கினும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. அதே 22.3. யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடம்பில் 21.2 விழுக்காடு. லிட்டர் வெயிட் கதைதான்!

2005 இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு, இனத்துக்கு இனம் இடுப்பு எல்லை வேறு என்று ஏற்றுக்கொண்டது. தெற்காசிய ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. சர்க்கரை எல்லையும் 100 ஆயிற்று.

சென்னையின் பங்கு

இந்த மாற்றத்துக்குச் சென்னை செய்த பங்களிப்பைத் தமிழர்கள் நாம் சரியாக அறிந்து வைத்திருக்கவில்லை என்பது என் ஆதங்கம். 1948 இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் எம். விசுவநாதன். பின்னர் இராயபுரத்தில் நீரிழிவு மருத்துவமனையை நிறுவினார். அவர் வழியில் வந்த டாக்டர் அ. இராமச்சந்திரன், டாக்டர் சினேகலதா ஆகியோர் 10,025 இந்தியர்களின் அளவுகளை வைத்து 2003 இல் ஒரு முடிவு சொன்னார்கள்: நமக்குப் பி.எம்.ஐ. 23, இடுப்பு ஆணுக்கு 85, பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டும்போதே சர்க்கரை இடர் ஏறத் தொடங்குகிறது. அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வில், சென்னை நகரத்தில் பார்த்த பெரியவர்களில் 41 விழுக்காட்டினருக்கு நோய்த்தொகுதி இருந்தது.

விசுவநாதனின் மகன் டாக்டர் வி. மோகனின் குழுவினர் 1990களில் சென்னைத் திருமங்கலம், தியாகராய நகர் ஆகிய இரு பகுதிகளை ஒப்பிட்டார்கள். வருமானம் கூடிய திருமங்கலத்தில் நோய்த்தொகுதி கூடுதலாக இருந்தது. பின்னர் 2001 இல் தொடங்கிய பெரிய ஆய்வில் 26,001 சென்னைவாசிகளைப் பார்த்தார்கள். அதிலிருந்து 2005 இல் பிறந்ததுதான் இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண். ஊசி வேண்டாம், இரத்தம் வேண்டாம், நான்கே கேள்வி.

ஒன்று, வயது: 35க்குக் கீழ் 0, 35 முதல் 49 வரை 20, 50க்கு மேல் 30. இரண்டு, இடுப்பு: ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ.க்குள் 0, அதற்கு மேல் 10, ஆணுக்கு 100, பெண்ணுக்கு 90 ஆகிவிட்டால் 20. மூன்று, உழைப்பு: உடல் உழைப்பும் இல்லை, உடற்பயிற்சியும் இல்லை என்றால் முழுசாக 30. நான்கு, பெற்றோர்: ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. மொத்தம் 100க்கு 60 வந்தால் இடர் அதிகம்.

2007 இல் அதே குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள். இந்த மதிப்பெண் சர்க்கரையை மட்டுமல்லாமல் மெட்டபாலிக் சிண்ட்ரோம் இருப்பவரையும் அடையாளம் காட்ட உதவுகிறது. ஒரு நாடாவும் நான்கு கேள்வியும் இவ்வளவு சொல்லும் என்பது நம் சென்னையில் கண்டறிந்த செய்தி.

என் தாள்

2006 இல் நண்பர்கள் சேர்ந்து ஒரு மருத்துவ முகாம் நடத்தினார்கள். வரிசையில் ஆள் குறைவாக இருக்கிறதே என்று நானும் போய் நின்றேன். அப்போது எனக்கு வயது 46. அண்ணன் போன வயது.

உயரம் 168 செ.மீ., எடை 64 கிலோ. பி.எம்.ஐ. 22.7. எந்த அட்டவணையிலும் தேறிவிடுவேன். அங்கிருந்த இளம் மருத்துவர், "அங்கிள், சட்டையைக் கொஞ்சம் தூக்குங்க" என்று நாடாவைப் போட்டார். 96 செ.மீ. அரைஞாண் கயிறு இறுகுகிறது என்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தேனே தவிர, அதுவும் ஓர் அளவுதான் என்று எனக்குத் தோன்றவில்லை. இரத்தச் சோதனையில் டிரைகிளிசரைடு 210, எச்.டி.எல். 36, வெறும் வயிற்றுச் சர்க்கரை 108. இரத்த அழுத்தம் 126/82.

அச்சிட்ட தாளில் இருந்தது 2001 ஆம் ஆண்டு எல்லை. அதன்படி இடுப்பு பாஸ், சர்க்கரை பாஸ், அழுத்தம் பாஸ். இரண்டே தவறு, நோய்த்தொகுதி இல்லை. அந்த மருத்துவர் தாளில் இருந்த 102ஐப் பேனாவால் அடித்து 90 என்று எழுதினார். 110ஐ அடித்து 100 என்று எழுதினார். இப்போது ஐந்தில் நான்கு. ஆள் அதே ஆள், காலை அதே காலை. அளவுகோல் மட்டும் மாறியது. சென்னை மதிப்பெண்ணையும் போட்டார்: வயதுக்கு 20, இடுப்புக்கு 10, கல்லாவில் உட்கார்ந்தே இருப்பதற்கு 30, அம்மாவுக்குச் சர்க்கரை என்பதற்கு 10. ஆக 70.

"நான் சைவம், இருட்டின பிறகு சாப்பிடுறதில்லை, குடி, சிகரெட் ஒண்ணும் கிடையாது, எனக்கு எப்படிம்மா?" என்று கேட்டேன். "மதியம் எவ்வளவு சோறு அங்கிள்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. 2009 இல் வந்த சென்னை ஆய்வு ஒன்று, நகரத்தார் உண்ணும் கலோரியில் கிட்டத்தட்டப் பாதி தீட்டிய தானியத்திலிருந்தே வருகிறது, அது கூடக்கூட நோய்த்தொகுதியும் கூடுகிறது என்றது. பசிக்குக் குறைவாக உண்பதை எங்கள் சமண நூல்கள் அவமோதரியம் என்று தவங்களில் ஒன்றாகவே வைத்திருக்கின்றன. நான் சூரியனைப் பார்த்துச் சாப்பிட்டேன், தட்டைப் பார்க்கவில்லை.

நாம் வாழும் கேரளம்

2006 இல் அமிர்தா மருத்துவ நிறுவனத்தார் வெளியிட்ட எர்ணாகுளம் மாவட்ட ஆய்வில் பெரியவர்களில் 19.5 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை இருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது அதுவரை தெரியாது. 2023 இல் வெளிவந்த அகில இந்திய ஆய்வில் நாட்டுச் சராசரி 11.4, தமிழ்நாடு 14.4, கேரளம் 25.5 விழுக்காடு. இங்கே வந்து வாழும் நாம் இந்த மண்ணின் சாப்பாட்டையும் வேலைமுறையையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

2022 முதல் கேரள அரசின் 'சைலி' செயலியோடு ஆஷா பணியாளர்கள் வீடு வீடாக வருகிறார்கள். 30 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்கும் கேள்விகளில் வயது, இடுப்பு, உழைப்பு, குடும்பம் எல்லாம் உண்டு. நம் தமிழ்க் குடும்பங்களில் சிலர், "நாங்க வெளியூர்க்காரங்க, எங்களுக்கு வேண்டாம்" என்று கதவைச் சாத்துவதாகக் கேள்விப்படுகிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த அம்மா கொண்டுவருவது நம் உடலுக்குச் செய்த அளவுகோல்.

அளவின் எல்லை

இதில் மறுபக்கமும் உண்டு. 2005 இலேயே அமெரிக்க, ஐரோப்பிய நீரிழிவுச் சங்கங்கள் சேர்ந்து, இந்த நோய்த்தொகுதி என்ற பெயரால் தனித்தனி அளவுகளைவிடக் கூடுதலாக என்ன தெரிகிறது என்று கேள்வி எழுப்பின. ரீவனே பிற்காலத்தில் இந்தப் பெயர்ச்சீட்டை ஒட்டுவதில் பெரிய பயன் இல்லை என்றார். நியாயம்தான். ஐந்தில் இரண்டு உள்ளவர் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று தூங்கிவிடக் கூடாது. ஒவ்வோர் எல்லை மீறலுக்கும் தனியே கவனம் வேண்டும்.

இன்னொன்று, அளந்துவிட்டால் மட்டும் நோய் ஓடிவிடாது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் சென்னை மதிப்பெண்ணை வைத்து இடர் மிக்க 1007 பேரைத் தேர்ந்து, ஒரு பகுதியினருக்குக் குழுவாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2018 இல் வந்தது. இரண்டாண்டில் மதிப்பெண் சற்றுக் குறைந்தது. ஆனால் சர்க்கரை நோய் குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு இல்லை. மாறாக, சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரிடம் டாக்டர் இராமச்சந்திரன் குழு செய்து 2006 இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் அரைமணி நடையும் சர்க்கரை, தீட்டிய தானியம், எண்ணெய்க் குறைப்பும் நோய்க்குப் போவதை 28.5 விழுக்காடு குறைத்தன. இதில் நான் அடிக்கோடிட்டு வைத்திருப்பது, அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவே இல்லை என்பது. தராசு முள் அசையாவிட்டாலும் உள்ளே நல்லது நடந்திருக்கிறது.

என் கணக்கையும் ஒளிக்காமல் சொல்கிறேன். 2006 முதல் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். காலையில் கடற்கரை நடை; சோறு பாதி, காய் இரட்டிப்பு. இடுப்பு 96இலிருந்து 89க்கு வந்தது, டிரைகிளிசரைடு இறங்கியது. இருந்தும் 2019 இல் சர்க்கரை வந்துவிட்டது. தோற்றுவிட்டேன் என்று நினைக்கவில்லை. வரும் என்று தெரிந்திருந்ததால் வந்த அன்றே பிடித்துவிட்டோம். 65 வயதில் இன்னும் கிடங்குக்குப் போய் வருகிறேன்.

வீட்டில் செய்யக்கூடியது

தையற்காரர் நாடா ஒன்று போதும். கால்சட்டை அளவை நம்பக் கூடாது. பெரும்பாலும் தொந்திக்குக் கீழேதான் அதை மாட்டுகிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், துணியில்லாமல், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்குவது நம்மையே ஏமாற்றுவது. ஆணுக்கு 90 செ.மீ. என்பது சுமார் 35½ அங்குலம். பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது 31½ அங்குலம். அதுவும் நினைவில் நிற்காது என்றால், உயரத்தில் பாதியைத் தாண்டாத இடுப்பு நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 இல் பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டுக் குழுவும் இதையே சொல்லியது. 2025 ஜனவரியில் லான்செட் இதழில் அறிக்கை தந்த உலக வல்லுநர் குழுவும் பி.எம்.ஐ.யை மட்டும் நம்ப வேண்டாம், இடுப்பையும் அளங்கள் என்றது.

இரத்தச் சோதனைத் தாள் வந்தால், மொத்தக் கொலஸ்டிராலை மட்டும் பார்த்து மடித்து வைக்காதீர்கள். டிரைகிளிசரைடை எச்.டி.எல்.லால் வகுத்துப் பாருங்கள். ரீவன் குழுவினர் 3.5க்கு மேல் போனால் இன்சுலின் எதிர்ப்பை ஐயப்படலாம் என்று 2005 இல் எழுதினர். எனக்கு அன்று 5.8. எல்லாருக்கும் எல்லா இனத்துக்கும் ஒரே எண் பொருந்தாது. மருத்துவரிடம் கேட்க ஒரு கேள்வி கிடைக்கிறது, அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. அண்ணன் மகன் இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான், வயது 37. "சித்தப்பா, என் பி.எம்.ஐ. 23 தான், விடுங்க" என்று பல வருஷம் நாடாவுக்குப் பிடிகொடுக்கவில்லை. போன பொங்கலுக்கு வந்தபோது ஒருவழியாக நின்றான். 95 செ.மீ. வயதுக்கு 20, இடுப்புக்கு 10, உட்கார்ந்த வேலைக்கு 30 என்று போட்டுக்கொண்டே வந்தேன். நான்காவது கேள்விக்கு வந்தபோது அவனே கேட்டான்: "அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததா சித்தப்பா?"

அண்ணனுக்கு யாரும் இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, காலியாக விட்டேன். மூன்று கேள்வியிலேயே 60 ஆகிவிட்டது, ஆகவே மறுநாளே சோதனைக்கு அனுப்பினேன். அதில் வந்த எண்களை வைத்துக்கொண்டு இப்போது தினமும் நடக்கிறான். ஆனால் அந்தக் காலிக் கட்டம் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

சங்க அன்பர்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கோ பிறந்தநாளுக்கோ, பெரியவர்கள் எல்லாருடைய இடுப்பு, அழுத்தம், சர்க்கரை, டிரைகிளிசரைடு, எச்.டி.எல். ஐந்தையும் தேதியோடு எழுதி வையுங்கள். நமக்காக இல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்காக எழுதுங்கள். நான்காவது கேள்வி நாளை அவர்களிடம் கேட்கப்படும். அதற்குப் பதில் சொல்ல அவர்களிடம் அந்த நோட்டு இருக்க வேண்டும்.